தஞ்சாவூர் ஒரே நாளில்: முதலில் சுவர், பிறகு செப்புத் திருமேனி

தஞ்சாவூருக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஊரைத் தப்பான நேரத்தில், தப்பான வரிசையில் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். திருச்சியிலிருந்தோ கும்பகோணத்திலிருந்தோ பதினொரு மணிக்கு வந்து இறங்குவது, கொதிக்கிற கல்தரையில் வெறுங்காலோடு ஓடி ஓடிப் பெரிய கோயிலைச் சுற்றுவது, பன்னிரண்டரைக்கு நடை சாத்தும்போது வெளியே வருவது, சாப்பாடு, அதன் பிறகு தூக்கக் கலக்கத்தில் அரண்மனைக்கு அரை மணி. படம் நிறைய கிடைக்கும். ஊரின் ஆகச் சிறந்த இரண்டு விஷயங்கள் மட்டும் கண்ணில் பட்டிருக்காது. ஒன்று, கோயிலின் அடிப்பகுதியில் வரி வரியாக ஓடும் எழுத்து. மற்றொன்று, அரண்மனைக் கலைக்கூடத்தில் இருக்கும் சோழர் செப்புத் திருமேனிகள். ஒன்றைப் பார்த்த கையோடு மற்றதைப் பார்த்தால்தான் இரண்டும் பேசும்.

பெரிய கோயிலுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. காலை 6 மணிக்குத் திறக்கும். ஆறரைக்குள் உள்ளே இருப்பது நல்லது. கோயில் கிழக்குப் பார்த்தது. காலை வெயில் கோபுரங்கள் மேலும், கருவறைக்கு மேல் எழும் விமானத்தின் முகப்பிலும் நேராக விழும். மாலையில் வாசலில் நின்று படம் எடுத்தால் சூரியன் விமானத்துக்குப் பின்னால் போய்விடும், கறுப்பு உருவம்தான் மிஞ்சும். செருப்பை வெளியே காப்பகத்தில் விட்டுவிட வேண்டும். பத்தரை தாண்டினால் முற்றத்துக் கல் காலைச் சுடும், பங்குனி சித்திரையில் அதற்கும் முன்பே. விரிப்பு போட்ட இடத்திலேயே நடக்கவேண்டி வந்தால் சுவர் பக்கம் போக முடியாது. இந்தக் கோயிலிலோ சுவர்தான் விஷயம். பருத்திக் காலுறை ஒன்றைப் பையில் வைத்திருப்பவர்கள் கெட்டிக்காரர்கள்.

உள்ளே வரும்போது அடுத்தடுத்து வரும் இரண்டு சோழர் வாயில்களை அவசரமாகக் கடக்க வேண்டாம். முதலாவது கேரளாந்தகன் திருவாயில், இரண்டாவது இராசராசன் திருவாயில். சேர நாட்டை வென்றதால் வந்த பட்டப்பெயர் முதல் வாசலுக்கு. பிற்காலக் கோயில்களில் வாசல் கோபுரம் வானத்தைத் தொடும், விமானம் அதற்குள் ஒளிந்துகொள்ளும். இங்கே கணக்கு நேர்மாறு. வாசல் குட்டை, பதின்மூன்று தள விமானம் நெட்டை. ஏறத்தாழ 200 அடிக்கு மேல். சுற்றுவட்டாரம் முழுக்க ஆற்று வண்டல். கருங்கல் கிடையாது. இவ்வளவு கல்லும் வெளியிலிருந்து வந்தது என்பதை நினைத்துக்கொண்டு அண்ணாந்து பார்க்கலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கைடு வைத்துக்கொண்டால் முதல் பத்து நிமிடத்தில் இரண்டு கதைகள் வரும். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பது ஒன்று. விழும். காலையில் மேற்கு முற்றத்திலும் மாலையில் கிழக்கு முற்றத்திலும் நீளமாகவே விழும். அடிப்பகுதி அகலமாகவும் மேலே போகப்போகக் குறுகியும் இருப்பதால், சூரியன் உச்சியில் இருக்கும் மாதங்களில் நண்பகல் நிழல் கட்டடத்தின் மேலேயே விழுந்து அடங்கிவிடுகிறது, அவ்வளவுதான். மார்கழி நண்பகலில் வந்தால் வடக்குப் பக்கத் தரையில் நிழலைக் காணலாம். உச்சியில் இருப்பது எண்பது டன் ஒற்றைக்கல் என்பது இரண்டாவது கதை. சிகரம் பல கற்களை இணைத்துச் செய்தது. ஒற்றைக்கல்லை நெடுந்தூரம் சாரம் கட்டி இழுத்தார்கள் என்று சொல்லாவிட்டால் சோழத் தச்சர்களின் பெருமை குறைந்துவிடும் என்று யார் நினைத்தார்களோ தெரியவில்லை. துண்டு துண்டாக வெட்டி, அந்த உயரத்தில் இடைவெளி தெரியாமல் பொருத்தியது எந்த வகையில் குறைச்சல்?

கைடு அமர்த்துவதாக இருந்தால் பேரம் பேசுவதற்கு முன்பு ஒரே ஒரு கேள்வி: "தளிச்சேரிக் கல்வெட்டு எங்கே இருக்கிறது, காட்டுவீர்களா?" திருச்சுற்றின் வடக்குச் சுவருக்கு வெளிப்பக்கம் கூட்டிப் போகிறவர் என்றால் கேட்ட கூலியைக் கொடுக்கலாம். இராசராசன் பல ஊர்க் கோயில்களிலிருந்து நானூறு தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயிலில் ஆடிப் பாடிப் பணிசெய்த பெண்களை, கொண்டுவந்து இங்கே குடியேற்றினான். அந்த நானூறு பேரின் பெயரும், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர்கள் என்பதும், இங்கே எந்தத் தெருவில் எந்தச் சிறகில் (வீட்டு வரிசையில்) எத்தனையாவது வீடு என்பதும் அதில் வெட்டப்பட்டிருக்கிறது. "தென்சிறகு தலைவீடு", அடுத்து "இரண்டாம் வீடு" என்று தபால்காரர் கையில் கொடுக்கிற மாதிரி முகவரி. ஒருவருக்கு ஒரு பங்கு, பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். இறந்துபோனாலோ வெளியூர் போனாலோ அந்தப் பங்கு யாருக்கு என்பதற்கும் விதி உண்டு.

இதே கணக்குப் புத்தி விமானத்தின் அதிட்டானத்திலும், அதாவது அடிப்பீடத்திலும், தெரியும். நாம் கொடுத்தனவும் நம் அக்கன் கொடுத்தனவும் நம் பெண்டுகள் கொடுத்தனவும் பிறர் கொடுத்தனவும் கல்லிலே வெட்டுக என்று அரசன் சொன்னதாக வரும் புகழ்பெற்ற வரி அங்கேதான் இருக்கிறது. அக்கன் என்றால் குந்தவை. அவன் ஆட்சியின் இருபத்தைந்தாம் ஆண்டில், அதாவது 1010-இல், விமானத்தின் உச்சிக்குச் செப்புக்குடம் கொடுத்த செய்தியும் இந்தக் கல்வெட்டுகளில் வருகிறது. நாம் குறிப்பாகத் தேடவேண்டியது செப்புத் திருமேனிகளைப் பற்றிய பகுதி. ஒவ்வொரு திருமேனியும் பாதத்திலிருந்து முடி வரை எத்தனை முழம் எத்தனை விரல் உயரம், எத்தனை கை, பீடம் எப்படி, கூட நிற்பவர் யார் என்று வரி தவறாமல் எழுதியிருக்கிறது. பொன்னை 'ஆடவல்லான்' என்னும் எடைக்கல்லால் நிறுத்துப் பதிந்திருக்கிறார்கள். அந்தத் திருமேனிகளில் மிகச் சிலவே இன்று மிஞ்சியிருக்கின்றன. ஆனால் அவற்றோடு ஒரே காலத்தில் வார்த்தவை ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி அரண்மனையில் இருக்கின்றன.

கல்வெட்டைப் படிக்க வெளிச்சம் சாய்வாக விழ வேண்டும். நேர் வெயிலில் வெட்டெழுத்து மறைந்துவிடும். ஐப்பசியிலிருந்து மாசி வரை சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும், அப்போது தெற்குச் சுவரில் எழுத்து நன்றாக எழும்பித் தெரியும். சித்திரை முதல் ஆடி வரை வடக்குச் சுவரின் முறை. வெளிச்சம் வாய்க்காத சுவருக்கு, செல்போன் டார்ச்சைச் சுவரோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்தால் போதும். எழுத்தின் மேல் விரலை வைத்துத் தேய்ப்பது, சுண்ணாம்பு பூசிப் படிப்பது இரண்டும் கூடாது. ஆயிரம் ஆண்டு நின்ற கல்லும் கைப்பட்டுத் தேயும். எழுத்து சோழர் காலத் தமிழ் எழுத்து, இடையிடையே கிரந்தம். க, ட, ப, ம, ய போன்றவற்றைக் கொஞ்ச நேரத்தில் அடையாளம் கண்டுவிடலாம். கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் மங்கலச் சொல்லான 'ஸ்வஸ்திஸ்ரீ' எங்கே இருக்கிறது என்று பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

அதிட்டானத்துக்கு மேலே சுவர் இரண்டு அடுக்கு. கீழ் அடுக்கில் சிவனின் வெவ்வேறு வடிவங்கள், மேல் அடுக்கில் திரும்பத் திரும்ப வில்லேந்திய திரிபுராந்தகர். போர் நடத்தி வளர்ந்த அரசன் எந்தச் சிவனைத் தேர்ந்தான் என்பது அங்கேயே தெரிகிறது. கருவறையைச் சுற்றியுள்ள உள் நடையில் இருக்கும் சோழர் ஓவியங்களைப் பொதுமக்கள் நேரில் பார்க்க முடியாது. 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி, நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில் அவற்றைக் கண்டார். பிற்பாடு தொல்லியல் துறை மேலே இருந்த நாயக்கர் ஓவியத்தைச் சேதமில்லாமல் தனியே பெயர்த்து எடுத்துப் பாதுகாத்தது. மேல்தளத்து நடையில் உள்ள நாட்டியக் கரணங்களையும், அதாவது ஆடல் நிலைச் சிற்பங்களையும், நேரில் பார்க்க முடியாது. நூற்றெட்டில் எண்பத்தொன்று செதுக்கி, மிச்சக் கற்கள் வெறுமையாக நிற்கின்றன. இவற்றின் படங்களை வளாகத்துக்குள் இருக்கும் தொல்லியல் துறையின் விளக்கக் கூடத்தில் பார்க்கலாம். சுந்தரர் வெள்ளை யானையிலும் சேரமான் பெருமாள் குதிரையிலும் கயிலைக்குப் போகும் காட்சிக்கு முன்னால் ஐந்து நிமிடமாவது நிற்க வேண்டும். கூட்டம் எட்டிப் பார்க்காத கூடம் இது.

முற்றத்தில் இருப்பதெல்லாம் இராசராசன் கட்டியது இல்லை. பெரிய நந்தியும் அதன் மண்டபமும் நாயக்கர் காலம். அம்மன் சந்நிதி பாண்டியர் காலம். வடமேற்கு மூலையில் உள்ள சுப்பிரமணியர் சந்நிதியும் நாயக்கர் கைவேலைதான், கல்லில் இழைத்த அந்த நுணுக்கத்துக்குக் கால் மணி ஒதுக்கலாம். தென்மேற்கில் மராத்தி எழுத்துகள் நிறைந்த சுவர் ஒன்று வரும். தஞ்சை மராட்டிய அரசன் இரண்டாம் சரபோஜி தன் போன்ஸ்லே வம்ச வரலாற்றை 1803-இல் வெட்டிவைத்த இடம். இராசராசன் கணக்கை எழுதினான், சரபோஜி குடும்பக் கதையை எழுதினான். சுவர் கிடைத்தால் எழுதிவைக்கிற பழக்கம் இந்த ஊருக்கு எண்ணூறு வருஷமாகப் போகவில்லை.

வயதானவர்களைக் கூட்டி வருகிறவர்களுக்கு: முற்றம் சமதளம், சுற்றி வருவதில் சிரமம் இல்லை. மண்டபத்துக்கு ஏறும் படிகள்தான் உயரம். பிரதோஷத்தன்று மாலை நந்தி அபிஷேகத்துக்கு முற்றம் நிரம்பிவிடும். அதைப் பார்க்கவே வருகிறவர்களுக்குச் சரி, கல்வெட்டுப் பார்க்க வருகிறவர்கள் அன்று மாலையைத் தவிர்க்கலாம். ஐப்பசி சதயத்தில் இராசராசன் பிறந்தநாள் விழா, அன்றைக்கும் அதே கதை.

ஒன்பதரைக்குக் கோயிலை விட்டு வெளியே வந்து டிபன் முடித்தால் பத்து மணி சுமாருக்கு அரண்மனையில் இருக்கலாம். ஆட்டோவில் ஐந்து நிமிடம்தான். நாயக்கர்கள் தொடங்கி மராட்டியர்கள் விரித்த வளாகம் இது. ஒரே அரண்மனை என்று நினைத்து வந்தால் ஏமாற்றமாக இருக்கும். பல துறைகள், பல வாசல்கள், பல டிக்கெட்டுகள். முதல் கவுண்டரில் வாங்கிய சீட்டு எல்லா இடத்துக்கும் செல்லும் என்று எண்ணிப் போய் அடுத்த வாசலில் தகராறு செய்கிறவர்களைத் தினமும் பார்க்கலாம். எது எதற்கான டிக்கெட், கேமராவுக்குத் தனியா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளவும். சில்லறை கையில் இருக்கட்டும். நேரம் குறைவாக இருந்தால் கலைக்கூடம், சரசுவதி மகால் நூலகத்தின் அருங்காட்சியகம் இரண்டுக்கு மட்டும் எடுத்தால் போதும். மராட்டியர் தர்பார் மண்டபத்து வண்ணத் தூண்கள் படத்துக்கு அழகு, பத்து நிமிடத்துக்கு மேல் வேலை இல்லை.

கலைக்கூடம் 1951-இல் தொடங்கியது. கல் சிற்பங்களில் தாராசுரத்திலிருந்து வந்த யானை உரித்த மூர்த்தியைத் தவறவிடக்கூடாது. உடம்பை முறுக்கி யானைத் தோலைத் தலைக்கு மேலே விரிக்கிறார், பக்கத்தில் பார்வதி பயந்து ஒதுங்குகிறாள். பிறகு நேராகச் செப்புத் திருமேனிகளிடம் போக வேண்டும். திருவெண்காட்டில் மண்ணுக்கடியில் கிடைத்தவை இங்கே தனிக் கூட்டம். அதில் முதலில் தேடவேண்டியவர் இடபவாகனர், காளையை வாகனமாகக் கொண்ட சிவன். 1011-ஆம் ஆண்டைச் சேர்ந்தவர், பெரிய கோயில் விமானத்தில் குடம் ஏறிய மறுவருஷம். சடையைத் தலைப்பாகை போலச் சுற்றிக்கட்டி, ஒரு காலைக் குறுக்கே வைத்து, வலக்கையைக் காளையின் மேல் சாய்த்து நிற்கிறார். காளை இல்லை. காலியான காற்றின் மேல் கை அவ்வளவு இயல்பாகச் சாய்ந்திருக்கிறது. தேவி 1012-இல் சேர்ந்தவள்.

முன்பக்கம் மட்டும் பார்த்துவிட்டு நகரக்கூடாது. சோழர் திருமேனியின் தரத்தை முதுகில்தான் பார்க்க வேண்டும். தோள்பட்டைச் சரிவு, முதுகுத்தண்டுப் பள்ளம், கழுத்துக்குக் கீழே இறங்கும் சடைக் கற்றை. பிற்கால வார்ப்புகளில் இந்தப் பகுதி தட்டையாகிவிடும். பீடத்தில் இருக்கும் துளைகளையும் வளையங்களையும் கவனியுங்கள். கழியைக் கோத்து வீதியுலாவுக்குத் தூக்கிப்போவதற்கு அவை. உலாவில் பட்டும் பூவும் மூடி முகமும் கையும் மட்டுமே தெரியும். ஆனாலும் மூடிக்கிடக்கப்போகிற முதுகுக்கு அவ்வளவு உழைத்திருக்கிறார்கள். மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, சுட்டு மெழுகை உருக்கி ஓட்டி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றும் முறை. அச்சை உடைத்தால்தான் திருமேனி வெளியே வரும், ஆகவே ஒன்றைப்போல் இன்னொன்று கிடையாது. காலையில் சுவரில் படித்த முழக்கணக்கும் விரல்கணக்கும் இப்போது கண்முன்னே நிற்கும்.

அதே திருவெண்காட்டுக் கல்யாணசுந்தரர் குழுவில் மணப்பெண்ணாக நிற்கும் பார்வதியின் தலை லேசாகக் குனிந்திருக்கும் கோணம், சிவன் கையில் அவள் கை வைக்கப்பட்டிருக்கும் விதம் இரண்டையும் பக்கவாட்டில் நின்று பாருங்கள். கண்ணைப் பிடுங்கிய கையோடு நிற்கும் கண்ணப்பரும் இங்கே உண்டு. குறை என்றால் விளக்கப் பலகைகள்தான். ஊர், நூற்றாண்டு, அதோடு முடிந்தது. இவ்வளவு பெரிய சொத்துக்கு அவ்வளவு சிறிய சீட்டு. கண்ணாடியில் பிரதிபலிப்பும் தொல்லை. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று, கையால் மறைத்துப் பார்த்தால் கொஞ்சம் தெளியும்.

நாயக்கர் தர்பார் கூடத்தில் கைகூப்பி நிற்கும் வெள்ளைப் பளிங்குச் சரபோஜி, இங்கிலாந்துச் சிற்பி ஜான் பிளாக்ஸ்மேன் செய்தது. அவருடைய இன்னொரு வேலையும் இதே ஊரில் இருக்கிறது. பெரிய கோயிலுக்குப் பக்கத்தில் சிவகங்கைப் பூங்காவை ஒட்டி, 1779-இல் கட்டிய சுவார்ட்ஸ் தேவாலயத்தில். மரணப்படுக்கையில் கிடக்கும் பாதிரியார் சுவார்ட்ஸின் கையைச் சரபோஜி பிடித்திருக்கும் பளிங்குப் புடைப்புச் சிற்பம். கதவு பூட்டியிருந்தால் காவலாளியைக் கேட்டுப் பார்க்கலாம். அரண்மனை வளாகத்துக் கோபுரத்தில் தரங்கம்பாடிப் பக்கம் ஒதுங்கிய திமிங்கிலத்தின் எலும்புக்கூடு இருக்கிறது. குழந்தைகள் இருந்தால் அதுதான் அன்றைய நட்சத்திரம். கோபுரப் படிகள் குறுகல், செங்குத்து. மேலே ஏறவிடுவது எல்லா நாளும் நிச்சயமில்லை.

சரசுவதி மகாலை ஒரு மணிக்கு முன் முடித்துவிட வேண்டும், மதிய இடைவேளை உண்டு. புதன்கிழமை விடுமுறை. நூலகத்துச் சுவடிகளை ஆய்வாளர்கள்தான் பார்க்கலாம். நமக்குத் திறந்திருப்பது சிறிய அருங்காட்சியகக் கூடம், அரை மணி போதும். படம் எடுக்கக்கூடாது. 1784-ஆம் ஆண்டு ஜான்சன் அகராதி, பிரெஞ்சு ஓவியர் சார்லஸ் லெ பிரன் மனித முகத்தையும் விலங்கு முகத்தையும் ஒப்பிட்டு வரைந்த படங்கள், மராத்தியை எழுதப் பயன்பட்ட மோடி எழுத்தில் உள்ள ஆவணங்கள், நுண்ணெழுத்து ஓலைகள். கண் நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்து சரபோஜி எழுதிவைக்கச் சொன்ன குறிப்புகள் மருத்துவம் படித்தவர்களை நிறுத்திவிடும். வெளியே வருமுன் விற்பனைப் பிரிவில் நுழையவும். மகால் தன் சுவடிகளிலிருந்து பதிப்பித்த சமையல், வைத்தியம், இசை நூல்கள் மலிவான விலையில் கிடைக்கும். வாசலில் விற்கும் சாவிக்கொத்தைவிட நல்ல நினைவுப்பொருள்.

கடை விஷயத்தில் அவசரம் ஆகாது. தஞ்சாவூர் ஓவியம் என்றால் பலகையில் துணி ஒட்டி, சுண்ணாம்புத் தூளும் பசையும் குழைத்து மேடாக்கி, கல் பதித்து, தங்கரேக்கு ஒட்டி, கடைசியில் வண்ணம் தீட்டுவது. படத்தைப் பக்கவாட்டில் பிடித்து மேடு எப்படி இறங்குகிறது என்று பாருங்கள், விளிம்பில் ரேக்கு பிசிறினால் கைவேலை சரியில்லை. முகத்தை மட்டும் அச்சடித்து மற்றதைக் கையால் செய்த மலிவுச் சரக்கும் உண்டு. பூதக்கண்ணாடி வைத்தால் முகத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். 22 காரட் ரேக்கு என்று பில்லில் எழுதித் தரச் சொன்னால் பல கடைகளில் விலை தானாகக் குறையும். தலையாட்டி பொம்மையைக் கவிழ்த்துப் படுக்கவைத்து விடுங்கள். நேராக எழுந்து நடுவில் நின்றால் வாங்கலாம், ஒரு பக்கமாகச் சாய்ந்தே நின்றால் அடியில் உள்ள களிமண் எடை சரியாக உட்காரவில்லை.

நாலரைக்கு மறுபடியும் பெரிய கோயிலுக்கு வரலாம். இந்த முறை சுவர் வேண்டாம், மேற்குப் பக்கம் போய் உட்கார்ந்தால் சாய்ந்த வெயில் விமானத்தின் பின்புறத்தில் முழுசாக விழும். கூட்டமெல்லாம் கிழக்கே நந்தியோடு நிற்கும்.

வெளியூர் பஸ்கள் புதிய பேருந்து நிலையத்தில் விடும். அங்கிருந்து பழைய பேருந்து நிலையத்துக்கு டவுன் பஸ் அடிக்கடி உண்டு, கோயில் அதற்குப் பக்கம். ரயிலில் வருவது இதைவிட வசதி, ஸ்டேஷனிலிருந்து கோயில் இரண்டு கிலோமீட்டருக்குள்தான். புதன்கிழமைதான் வர முடியும் என்றால் மகாலை விட்டுவிட்டு, காலையில் பெரிய கோயில், அடுத்து கலைக்கூடம், மாலை நடை திறக்கும் நேரத்துக்குக் கும்பகோணம் சாலையில் தாராசுரம் என்று வைத்துக்கொள்ளலாம். யானை உரித்தவர் முன்பு நின்ற ஊர் அது. அதிட்டானத்தில் நாயன்மார் கதைகள் கையகலத்தில் வரிசையாக ஓடும், குனிந்து பார்க்க முழங்கால் ஒத்துழைக்க வேண்டும்.